பாட்டு கேட்டுட்டு யாராவது மத்தவங்களுக்காக எழுந்து நின்னிருக்காங்களா?

கேள்வி இதுதான்: ஒரு பாடகர் அநியாயத்துக்கு எதிரா குரல் கொடுத்தா அத கேக்குற சாதாரண ஆளுங்க நெஜமாவே மாறுவாங்களா, கண்ணு முன்னாடி ஒருத்தருக்கு கொடுமை நடக்கும்போது ஒரு வார்த்தை பேசுவாங்களா, இல்ல கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்களா?

பாதிக்கு மேல கைதட்டிட்டு வீட்டுக்குத்தான் போவாங்க, அத மறைக்க வேண்டாம். ஆனா சிலபேர் மாறுறாங்க, எப்படி மாறினோம்னு அவங்களே பேட்டியில சொல்லியும் இருக்காங்க. பல வருஷமா அந்த மாதிரி கதைகள தேடித் தேடிப் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, பாடுறவரோட தைரியம் அப்படியே வழிஞ்சு வந்து நம்ம உடம்புல ஏறிக்கிறதில்ல. அந்தப் பாட்டு ஒரு கூட்டத்த சேக்குது, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நிக்கும்போதுதான் "அட, என்ன மாதிரியே நெனைக்கிற ஆளுங்க இவ்ளோ பேரா"ன்னு ஒருத்தருக்கு உறைக்குது, அதுக்கப்புறம்தான் வாய் திறக்குது.

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்பத் தெளிவான உதாரணம் பில்லி பிராக். இன்னைக்கு அவர் இங்கிலாந்துல பேர்போன போராட்டப் பாடகர், ஆனா 1978ல அவருக்கு 20 வயசு, ஒரு ஆபீஸ்ல வேலை. அந்த ஆபீஸ்ல கூட இருக்கிறவங்க கறுப்பர்களப் பத்தியும் வெளிநாட்டுல இருந்து வந்தவங்களப் பத்தியும் கேவலமா பேசுறது சர்வ சாதாரணம், இவருக்கு அது பிடிக்காது, ஆனா எதுவும் சொல்லாம உக்காந்திருப்பாரு. இத அவரே பல பேட்டியில ஒத்துக்கிட்டிருக்காரு.

இதுக்கு முன்னாடி நடந்தத சொன்னாதான் கதை புரியும். 1976 ஆகஸ்ட்ல பர்மிங்காம்ல ஒரு கச்சேரி, பிரபல கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடிச்சிட்டு மேடையில நின்னு, வெளிநாட்டுல இருந்து வந்தவங்களையெல்லாம் நாட்ட விட்டு அனுப்பணும்னு கத்துறாரு, அதே பேச்சுக்கு பேர்போன அரசியல்வாதி ஈனாக் பவலுக்கு ஆதரவா பேசுறாரு. இத்தனைக்கும் அவர் வாசிச்சதே கறுப்பர்களோட ப்ளூஸ் இசை, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல அவருக்கு நம்பர் 1 ஹிட் வாங்கிக் கொடுத்தது ஜமைக்காவோட கறுப்பினப் பாடகர் பாப் மார்லியோட பாட்டு. இதப் பாத்து கொதிச்சுப்போன ரெட் சாண்டர்ஸ்ங்கிற போட்டோகிராபரும் அவர் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு லெட்டர் எழுதுறாங்க. வெறும் கோவத்த கொட்டிட்டு நிறுத்தல, இனவெறிக்கு எதிரா இசைக்காரங்களும் ரசிகர்களும் சேந்து ஒரு இயக்கம் வேணும், சேர விரும்புறவங்க இந்த அட்ரஸுக்கு எழுதுங்கன்னு அதுலயே போட்டாங்க. நூத்துக்கணக்குல பதில் வந்து குவிஞ்சுது. 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' பொறந்தது அப்படித்தான், அதாவது ஆரம்பிச்சு வச்சது எந்த ஸ்டாரும் இல்ல, ரசிகருங்கதான்.

1978 ஏப்ரல் 30 அன்னைக்கு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துல இருந்து ஊர்வலமா நடந்து விக்டோரியா பார்க்குக்குப் போறாங்க, 80,000 பேருக்கு மேல இருக்கும்னு கணக்கு. மேடையில தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் பேண்ட். வெள்ளைக்கார பங்க் குழுவும் கறுப்பர்களோட ரெகே குழுவும் ஒரே மேடையில. பில்லி பிராக் அதுல தி கிளாஷ்ங்கிற பங்க் குழுவ பாக்கத்தான் போனாரு. டாம் ராபின்சன் ஓரினச் சேர்க்கையாளர்களோட பாட்ட பாடுறப்போ இவரச் சுத்தி நின்ன ஆம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் முத்தம் குடுத்துக்கிறாங்க. இனவெறிக்கு எதிரான கூட்டத்துக்கு இவங்க ஏன் வந்திருக்காங்கன்னு மொதல்ல அவருக்குப் புரியல, அப்புறம்தான் உறைக்குது, வெறுப்பு பேசுறவன் கறுப்பரோட நிறுத்தப் போறதில்ல, வித்தியாசமா இருக்கிற எல்லாருமே அவன் லிஸ்ட்ல இருக்காங்கன்னு. தன்னை மாத்தினது தி கிளாஷ் இல்ல, அந்த ஆடியன்ஸ்ல ஒருத்தனா நின்னதுதான்னு அவர் பிற்பாடு சொன்னாரு. திரும்ப ஆபீஸுக்குப் போனப்போ தான் தனி ஆள் இல்லங்கிற நெனப்போட போயிருக்காரு, இனி வாய மூடிட்டு இருக்கிறதில்லன்னு.

இந்தக் கதைய நான் எத்தனை தடவ படிச்சாலும் அந்த ஆபீஸ்தான் மனசுல நிக்குது. அவ்ளோ பேரோட ஊர்வலம் பெருசுதான், ஆனா மறுநாள் ஆபீஸ்ல நாலு பேருக்கு நடுவுல வாய் திறக்குறது இருக்கே, அதுதான் கஷ்டம், அங்க பக்கத்துல கிட்டார் சத்தமும் இருக்காது கொடியும் இருக்காது. அந்த இயக்கத்தால இங்கிலாந்துல இனவெறி ஒழிஞ்சுபோச்சுன்னு நான் சொல்ல வரல. 1979 தேர்தல்ல நேஷனல் ஃபிரண்ட்ங்கிற இனவெறிக் கட்சி 303 தொகுதியில நின்னு எங்கயும் ஜெயிக்கல, ஆனா அதுக்கு இசை மட்டும் காரணம்னு சொன்னா அது பொய், அந்தக் கட்சிக்குப் போக வேண்டிய ஓட்டுல நிறைய வேற கட்சி பக்கம் போச்சு, அரசியலா வேலை செஞ்சவங்களும் நிறைய பேர்.

ஏன் இப்படி நடக்குதுங்கிறதுக்கு மனோதத்துவ ஆராய்ச்சியில நல்ல பதில் இருக்கு. சாலமன் ஆஷ்னு ஒருத்தர் 1950கள்ல ஒரு சோதனை பண்ணாரு, ரொம்ப சிம்பிள், கோடு ஒண்ண காட்டி, மூணு கோட்டுல எது இதே நீளம்னு கேக்கணும். ரூம்ல இருக்கிற மத்த எல்லாரும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு தப்பான பதில சொல்லுவாங்க. கண்ணுக்கு நேரா சரியான பதில் தெரியுது, இருந்தாலும் மூணுல ஒரு தடவ சோதனைக்கு வந்தவங்க கூட்டத்தோட சேந்து தப்பாவே சொன்னாங்க. ஆனா அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு ஆள் சரியான பதில சொல்ற மாதிரி வச்சா, தப்பு நாலுல ஒரு பங்கா கொறைஞ்சு போச்சு. ஒரே ஒரு ஆள்! 1968ல லத்தானே, டார்லின்னு ரெண்டு பேர் இன்னொண்ணு பண்ணாங்க, ஒரு ரூம்ல ஆள உக்கார வச்சு சுவத்துல இருந்த சின்ன ஓட்டை வழியா புகைய விட்டாங்க. தனியா இருந்தவங்கள்ல 75 சதவீதம் பேர் எழுந்து போய் சொன்னாங்க. கண்டுக்காத மாதிரி நடிக்கிற ரெண்டு பேரோட உக்காந்திருந்தவங்கள்ல வெறும் 10 சதவீதம் பேர்தான். அதாவது பக்கத்துல இருக்கிறவன் சும்மா இருந்தா நம்மளும் சும்மா இருப்போம், அவன் அசைஞ்சா நம்மளும் அசைவோம். நல்லவனா கெட்டவனாங்கிறத விட இதுதான் அதிகம் தீர்மானிக்குது. பாடகர் செய்யுற பெரிய உபகாரம் என்னன்னா, அந்த மொத ஆளா அவர் இருக்காரு, அதோட ஆயிரக்கணக்கான பேர அசைய வச்சு ஒருத்தருக்கொருத்தர் காட்டியும் விடுறாரு.

எனக்கு இது படிச்சு மட்டும் தெரிஞ்ச விஷயம் இல்ல. முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல கூட வேலை செய்யுற ஒருத்தரோட பேச்சு வழக்க வச்சு தினமும் கிண்டல் பண்ணுவாங்க, அவரும் சிரிச்சிக்கிட்டே இருப்பாரு, நானும் பேசாம இருந்தேன், மாசக்கணக்குல. பில்லி பிராக்கோட அந்தப் பேட்டிய படிச்சது அந்த சமயத்துலதான், படிச்சு முடிச்சப்போ ரொம்ப வலிச்சுது, ஏன்னா அந்த வாய் திறக்காத ஆள் நானேதான். ஒரு நாள் "போதும், விடுங்க"ன்னு ரெண்டே வார்த்தை சொன்னேன், குரல் நடுங்குச்சு. அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு பேர் தனித்தனியா வந்து தங்களுக்கும் அது பிடிக்கலன்னு சொன்னாங்க. இத்தனை மாசமும் மூணு பேர் ஒரே ரூம்ல உக்காந்து தான் மட்டும்தான் இப்படி நெனைக்கிறோம்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கோம். கிண்டல் உடனே நிக்கல, கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுது.

சரி, பாட்டு ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு எப்படி கை மாறிப் போகுதுன்னு பாப்போம். நெல்சன் மண்டேலாவ விடுதலை பண்ணுங்கன்னு சொன்ன பாட்டு 1984ல வந்துச்சு, எழுதினவர் ஜெர்ரி டாமர்ஸ், தி ஸ்பெஷல் ஏ.கே.ஏ. குழு. அவருக்கு நிறவெறி ஆட்சியப் பத்தி சின்ன வயசுலயே தெரியும், ஆனா மண்டேலாங்கிற ஆளப் பத்தி அவ்வளவா தெரியாது. 1983ல லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல மண்டேலாவோட 65வது பிறந்தநாளுக்கு ஒரு கச்சேரி, தென்னாப்பிரிக்காவ விட்டு வந்து லண்டன்ல இருந்த ஜூலியன் பகுலாங்கிற டிரம்ஸ் கலைஞர் ஏற்பாடு பண்ணது. டாமர்ஸ் அங்க போனது ஆடியன்ஸா. அங்க கொடுத்த நோட்டீஸ வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிக்கிறாரு, ஜெயில்ல மண்டேலாவுக்கு கொடுத்த ஷூ காலுக்குப் பத்தாம இருந்துச்சுங்கிற விஷயத்த படிக்கிறாரு, அது பாட்டுக்குள்ளயே வந்துடுச்சு. யோசிச்சுப் பாருங்க, 20 வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருக்கிற ஒரு மனுஷனோட கஷ்டத்த எப்படி சொல்லுவீங்க? காலைக் கடிக்கிற ஷூவுன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும், ஏன்னா எல்லாருக்கும் கால் இருக்கு.

அப்போ தென்னாப்பிரிக்காவுல மண்டேலா படத்த பத்திரிகையில போடக்கூடாது, அவர் பேசினத அச்சடிக்கக் கூடாதுன்னு தடை. ஒரு ஆளோட முகத்தையும் குரலையும் இல்லாம பண்ணிட்டா உலகம் மறந்துடும்னு அந்த அரசாங்கம் கணக்கு போட்டுச்சு. அவர் பேரையே பல்லவியா வச்சு ஆடுற மாதிரி ஒரு பாட்டு வந்து பிரிட்டன்ல டாப் 10க்குள்ள போனதும் அந்தக் கணக்கு தப்பாப் போச்சு. சோகப் பாட்டா இருந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காதுன்னு நான் நெனைக்கிறேன், டான்ஸ் ஆடப் போன பசங்க வாயில அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. டாமர்ஸ் அதோட விட்டுடல, 1986ல 'ஆர்ட்டிஸ்ட்ஸ் அகெயின்ஸ்ட் அபார்தைட்'னு, அதாவது நிறவெறிக்கு எதிரான கலைஞர்கள்னு, ஒரு அமைப்ப ஆரம்பிச்சு அந்த வருஷமே லண்டன் கிளாபம் காமன்ல பிரமாண்டமா ஒரு கச்சேரி நடத்தினாங்க. 1988 ஜூன் 11ல வெம்ப்ளி ஸ்டேடியத்துல மண்டேலாவோட 70வது பிறந்தநாள் கச்சேரி, 60க்கும் மேற்பட்ட நாட்டுல டிவியில காட்டினாங்க.

எனக்கு வெம்ப்ளிய விட முக்கியமா படுறது அதுக்கு அடுத்த நாள் நடந்தது. மண்டேலா ஜெயில்ல இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு ஆள்னு 25 பேர் கிளாஸ்கோவுல இருந்து லண்டனுக்கு நடக்க ஆரம்பிச்சாங்க, வழியில ஒவ்வொரு ஊர்லயும் கூட்டம். அதாவது டிவியில கச்சேரி பாத்து உருகிப்போய் உக்காந்திருக்கிற ஆளுக்கு, உன் ஊருக்கே நாங்க வர்றோம், கூட நாலு தெரு நடந்து வான்னு அடுத்த வேலை ரெடியா இருந்துச்சு. தென்னாப்பிரிக்கப் பழத்த வாங்காதே, அந்த நாட்டோட தொழில் பண்ற பேங்க்ல கணக்கு வச்சுக்காதேன்னு சின்ன சின்ன வேலையா பல வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, மாணவர்கள் வருஷக்கணக்கா எதிர்த்துக்கிட்டே இருந்ததுல பார்க்லேஸ் பேங்க் 1986ல தென்னாப்பிரிக்காவ விட்டே வெளியேறிச்சு. மண்டேலா 1990 பிப்ரவரி 11 வெளிய வந்தாரு, ரெண்டு மாசத்துலயே அதே வெம்ப்ளி மேடையில வந்து நின்னாரு. உள்நாட்டுல உசுரக் கொடுத்துப் போராடினவங்கதான் அந்த விடுதலைக்கு காரணம், வெளிநாட்டுப் பாட்டு அவங்களுக்கு ஒரு கை கொடுத்துச்சு, அவ்வளவுதான்.

கேக்குறதுக்கும் கூட சேந்து பாடுறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, இத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம் அல்பனியில 1961ல கறுப்பின மாணவர்கள் மொதல் தடவையா ஊர்வலம் போயிட்டு சர்ச்சுக்குத் திரும்புறாங்க, எல்லாருக்கும் பயம். அங்க பெர்னிஸ் ஜான்சன்னு ஒரு காலேஜ் பொண்ணு, பின்னாடி பெர்னிஸ் ஜான்சன் ரீகன்னு பெரிய பாடகி ஆனவங்க, அவங்கள ஒரு பாட்டு பாடச் சொல்றாங்க. பழைய பக்திப் பாட்டு ஒண்ண எடுக்குறாங்க, அதுல காத்துல தொல்லை தெரியுதுன்னு ஒரு வரி வரும். வாய் திறக்கப் போற நேரத்துல இந்த இடத்துல தொல்லைன்னு பாடக்கூடாதுன்னு தோணி, அந்த வார்த்தைக்குப் பதிலா விடுதலைன்னு போட்டுப் பாடிடுறாங்க. சின்ன வயசுல இருந்து பாடிட்டு வந்த பாட்டு தன்னோடது, அத தனக்கு வேண்டிய மாதிரி மாத்திக்கலாம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சதா சொல்லியிருக்காங்க. போராட்டத்துல கலந்துக்கிட்டதுக்காக ஜெயிலுக்குப் போனாங்க, காலேஜ விட்டும் அனுப்பிட்டாங்க. 1962ல ஃப்ரீடம் சிங்கர்ஸ்னு நாலு பேர் குழுவா கெளம்பி நாடு முழுக்க சுத்தி, அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல கறுப்பர்களுக்கு என்ன நடக்குதுன்னு பாட்டா பாடி, காசு சேத்து, வாலண்டியர்களக் கூப்பிட்டாங்க. ரேடியோ மாதிரி அது ஒரு நடமாடும் செய்திச் சேவை.

அதே மாதிரி இன்னொரு சம்பவம், டென்னஸீ மலைப்பக்கத்துல ஹைலேண்டர்னு ஒரு பயிற்சிப் பள்ளி, கறுப்பர் வெள்ளையர்னு பாக்காம ஒண்ணா உக்காந்து படிக்கிற இடம். 1959ல ஒரு ராத்திரி போலீஸ் உள்ள புகுந்து சோதனை போடுது, ஒரே இருட்டு, உள்ள இருந்தவங்க நாம ஒரு நாள் ஜெயிப்போம்ங்கிற அந்தப் பிரபலமான போராட்டப் பாட்ட மெதுவா பாட ஆரம்பிக்கிறாங்க. 14 வயசுப் பொண்ணு ஒருத்தி நாங்க பயப்படலன்னு புதுசா ஒரு அடி சேத்துப் பாடுறா, எல்லாரும் அத எடுத்துக்கிறாங்க, சத்தம் கூடிக்கிட்டே போகுது. ஒரு போலீஸ்காரர் இவ்ளோ சத்தமாவா பாடணும்னு கேட்டாரு, கேக்கும்போது அவர் உடம்பு நடுங்குச்சுன்னு அந்தப் பொண்ணு பல வருஷம் கழிச்சு சொன்னாங்க. பயம் நெஜமா போச்சான்னு கேட்டா, போயிருக்காது. ஆனா பயத்தோடயே பாட முடிஞ்சுது, பயந்துக்கிட்டு இருந்த எல்லாரும் ஒரே மூச்சுல மூச்சு விட்டாங்க.

2009ல வந்த ஒரு ஆராய்ச்சியிலயும் இதத்தான் பாத்தாங்க, ஒண்ணா கால் வச்சு நடந்தவங்களும் ஒண்ணா சேந்து பாடினவங்களும் அதுக்கப்புறம் வச்ச பண விளையாட்டுல ஒருத்தருக்கொருத்தர் அதிகமா விட்டுக்கொடுத்து ஒத்துழைச்சாங்க. ஆனா இது கத்தி மாதிரி, யார் கையில இருக்குன்னு பாக்கணும். ருவாண்டாவுல சைமன் பிகிண்டின்னு பெரிய பாடகர், அவரோட பாட்டுகள வெறுப்பு ரேடியோ இனப்படுகொலை நடந்தப்போ போட்டுக்கிட்டே இருந்துச்சு. ஐ.நா. தீர்ப்பாயம் 2008ல அவருக்கு 15 வருஷ தண்டனை கொடுத்துச்சு, 1994ல ரோட்டுல மைக் கட்டின வண்டியில போய் கொலை செய்யத் தூண்டினதுக்காக. கூட்டமா ஒரே தாளத்துல பாடுறது நம்மள ஒண்ணாக்கும், ஆனா அந்த "நாம"ங்கிறதுக்குள்ள யாரு இருக்கா, யார வெளிய தள்ளியிருக்கோம்ங்கிறதுதான் முக்கியம். அதனாலதான் விக்டோரியா பார்க்ல கறுப்பர், வெள்ளையர், ஓரினச் சேர்க்கையாளர் எல்லாரும் ஒரே புல்லு மேல நின்னது அவ்ளோ பெரிய விஷயம்.

சில சமயம் இது விதை மாதிரி, மொளைக்க வருஷக்கணக்காகும். மரியன் ஆண்டர்சன் அமெரிக்காவோட மகத்தான பாடகிகள்ல ஒருத்தர், கறுப்பினப் பெண்ங்கிறதால 1939ல வாஷிங்டன் கான்ஸ்டிடியூஷன் ஹால்ல பாட விடல. ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, லிங்கன் நினைவகப் படியில நின்னு பாடினாங்க, 75,000 பேர் வந்தாங்க. அவங்க பேச்செல்லாம் பேசல, பாடினாங்க, அவ்வளவுதான். அஞ்சு வருஷம் கழிச்சு 1944ல ஜார்ஜியாவுல ஒரு பேச்சுப் போட்டியில 15 வயசுப் பையன் ஒருத்தன் அந்த சம்பவத்த சொல்லிப் பேசுறான், போட்டி முடிஞ்சு பஸ்ல திரும்பி வர்றப்போ வெள்ளைக்காரங்களுக்காக சீட்ட விட்டு எழுந்திரிக்கச் சொல்லி மைல்கணக்கா நிக்க வைக்கிறாங்க. அந்தப் பையன் மார்ட்டின் லூதர் கிங். 1963ல அவர் தன்னோட கனவப் பத்தி பேசினது அதே லிங்கன் நினைவகத்துல, அன்னைக்கு மரியன் ஆண்டர்சனும் அங்க பாடினாங்க.

இப்போ பாடகர் பக்கம் வர்றேன். எந்தப் பாடகர் சொன்னா ஜனங்க நம்புறாங்க? என் கணக்குப்படி, எதையாவது இழக்கத் தயாரா இருக்கிறவர் சொன்னா. அமெரிக்காவோட கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபாண்ட்டே 1956ல வந்த தன்னோட 'கலிப்ஸோ' ரெக்கார்ட் பத்து லட்சத்துக்கு மேல வித்து உச்சத்துல இருந்த ஆளு. கிங்கோட குடும்பத்துக்கு பண உதவி, ஜெயில்ல இருந்தவங்கள எடுக்க ஜாமீன் காசுன்னு வெளிச்சம் இல்லாத வேலையெல்லாம் செஞ்சாரு. 1964ல மிசிசிப்பியில ஓட்டுரிமைக்காக வேலை செஞ்சுக்கிட்டிருந்த இளைஞர்கள் கையில காசு இல்ல, அவங்க கூட்டாளிங்க மூணு பேர அப்போதான் கொன்னு பொதைச்சிருந்தாங்க. அந்த நேரத்துல பெலஃபாண்ட்டேவும் நடிகர் சிட்னி பாய்ட்டியரும் சுமார் 70,000 டாலர் ரொக்கத்த பையில வச்சுக்கிட்டு ராத்திரில கிரீன்வுட்டுக்குப் போறாங்க, வழியில இனவெறிக் கும்பல் வண்டியில துரத்துது. அந்த ஹாலுக்குள்ள இவங்க நுழைஞ்சப்போ அங்க இருந்தவங்களுக்கு காசு வந்த சந்தோஷத்த விட, நம்மள யாரும் கைவிடலங்கிற நெனப்பு எவ்ளோ தெம்பு கொடுத்திருக்கும்.

பெலஃபாண்ட்டே அமெரிக்காவுல அறிமுகம் செஞ்சு வச்ச தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா இன்னும் அதிகமா இழந்தாங்க. 1960ல அம்மா சாவுக்குப் போக முடியாம தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட்ட ரத்து பண்ணிடுச்சு. 1963ல ஐ.நா.வுல போய் நிறவெறிய எதிர்த்து பேசினாங்க, அவங்க பாட்டுகளுக்கு சொந்த நாட்டுல தடை. 30 வருஷம் நாடு திரும்ப முடியல. அப்படிப்பட்ட ஒருத்தர் பாடும்போது கேக்குறவங்களுக்கு இவங்களே இவ்ளோ தாங்குறப்போ நம்ம ஒரு பழத்த வாங்காம இருக்க முடியாதான்னு தோணும்ல? குற்றவுணர்ச்சிய விட இந்த மாதிரி ஒப்பிட்டுப் பாக்குறதுதான் ஆளுங்கள அசைக்குது.

எங்க தோத்துப் போகுதுன்னும் சொல்லணும். 1971 ஆகஸ்ட் 1ல நியூயார்க்ல நடந்த பங்களாதேஷ் கச்சேரி, சிதார் கலைஞர் ரவிசங்கர் தன் நண்பர், பீட்டில்ஸ் குழுவுல இருந்த ஜார்ஜ் ஹாரிசன்கிட்ட போய் என் ஜனங்க செத்துக்கிட்டிருக்காங்கன்னு கேட்டதுல பொறந்தது. நட்புக்காக ஒருத்தர் இன்னொருத்தர் ஜனங்களுக்காக நின்னதுல எனக்கு அது ரொம்பப் பிடிச்ச கச்சேரி. டிக்கெட் காசு ரெண்டரை லட்சம் டாலர் கிட்ட யுனிசெஃப்புக்குப் போச்சு, ஆனா ரெக்கார்ட், படம் வித்த பெரும் பணம் வரி சிக்கல்ல மாட்டி பத்து வருஷம் கெடந்துச்சு, ஏன்னா முன்கூட்டியே அறக்கட்டளை ஏற்பாட சரியா பண்ணல. மனசு மட்டும் பத்தாது, கணக்கு வழக்கும் வேணும். 1985ல எத்தியோப்பியா பஞ்சத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரி பெரும் பணம் திரட்டுச்சு, ஆனா ஆப்பிரிக்காவுக்காக நடந்த கச்சேரியில ஆப்பிரிக்கக் கலைஞர்களத் தேடித்தான் பாக்கணும், டிவி பாத்தவங்க மனசுல பரிதாபம் வந்துச்சு, பக்கத்துல நிக்கிற சமமான மனுஷங்கிற எண்ணம் வரல. பரிதாபம் சீக்கிரம் வறண்டுடும்.

லைக் போடுறது, புரொஃபைல் படத்த மாத்துறதுன்னு இன்னைக்கு இருக்கிற சிக்கலும் உண்டு. 2014ல வந்த ஆராய்ச்சி ஒண்ணுல, நாலு பேர் பாக்குற மாதிரி சின்னதா ஒரு ஆதரவ காட்டினவங்க அதுக்கப்புறம் உண்மையான உதவி கேட்டா அவ்வளவா செய்யல, யாருக்கும் தெரியாம ஆதரிச்சவங்கதான் அதிகமா செஞ்சாங்க. நல்ல பேர் ஏற்கெனவே கெடச்சாச்சுன்னா மனசு ஓய்ஞ்சுடுது. ஆனா ஆன்லைன் ரசிகர்களே வேஸ்ட்டுன்னு தள்ளிட முடியாது. 2020 ஜூன்ல பி.டி.எஸ்.ங்கிற கொரியப் பாடகர் குழு, கறுப்பர்களுக்கு எதிரான கொடுமைய எதிர்க்கிற பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு பத்து லட்சம் டாலர் கொடுத்தாங்கன்னு செய்தி வந்ததும் ரசிகர்கள் ஒரு நாள் சொச்சத்துல அதே பத்து லட்சத்த தாங்களும் சேத்துட்டாங்க. எப்படின்னா, சின்ன சின்ன தொகையா சேத்து உதவி பண்ற ஒரு ரசிகர் குழு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இருந்து பழகியிருந்துச்சு. ஏற்கெனவே ஏரு பூட்டி வச்ச நெலத்துல மழை பேஞ்ச மாதிரி.

கடைசியா, பாடுறவருக்குப் பக்கத்துல யார் நிக்கிறதுங்கிற கேள்வி. 1992 அக்டோபர் 3ல அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர் அமெரிக்க டிவி நேரலையில போப் படத்த கிழிச்சாங்க, சர்ச்சுல கொழந்தைங்களுக்கு நடந்த கொடுமைய எதிர்த்து. அப்போ யாரும் கேக்கத் தயாரா இல்ல. 13 நாள் கழிச்சு நியூயார்க்ல பாப் டிலன் பாராட்டுக் கச்சேரி, ஷினேட் மேடை ஏறினதும் கூட்டம் கூச்சல் போட்டு விரட்டப் பாக்குது. அவங்கள இறக்கிடுங்கன்னு சக பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன்கிட்ட சொல்லி அனுப்புறாங்க. அவர் மேடைக்குப் போய் இறக்கல, காதுல தைரியம் சொல்றாரு. ஷினேட் பாட இருந்தத விட்டுட்டு பாப் மார்லியோட 'வார்' பாட்ட வெறும் குரல்ல பாடி முடிச்சுட்டு வர்றாங்க, அவர் கட்டிப் பிடிச்சுக்கிறாரு. அயர்லாந்து அரசாங்கமே அமைச்ச விசாரணைக் குழுக்கள் அந்தக் கொடுமைகளப் பத்தி பக்கம் பக்கமா அறிக்கை கொடுத்தது 2009ல, 17 வருஷம் கழிச்சு.

நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஷினேட் மாதிரி மொத ஆளா நிக்கிற தைரியம் இருக்காது, ஆனா கிறிஸ்டாஃபர்சன் அன்னைக்கு செஞ்சது நம்மளாலயும் முடியும். ஆபீஸ்லயோ கிளாஸ்லயோ பஸ்லயோ ஒருத்தர கேவலப்படுத்தும்போது, கேவலப்படுத்துறவனோட சண்டைக்குப் போக முடியலன்னாலும் பாதிக்கப்பட்டவர் பக்கத்துல போய் உக்காந்து வேற பேச்சு ஆரம்பிங்க, அப்புறம் தனியா நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க, அவர் சம்மதிச்சா சாட்சியா வர்றேன்னு சொல்லுங்க. ஒரு பாட்டு உங்கள உலுக்கிச்சுன்னா அந்த சூடு ஆறுறதுக்குள்ள, அதே ராத்திரி, அந்தப் பிரச்சனைய தாங்குறவங்க யாருன்னு தேடி அவங்க என்ன உதவி கேக்குறாங்கன்னு படிங்க, நம்ம இஷ்டத்துக்கு எதையாவது கொண்டுபோய் கொடுக்காம. அந்தப் பாட்ட இன்னொருத்தருக்கு அனுப்புறதா இருந்தா, வெறும் பாட்ட மட்டும் அனுப்பாம, வர்ற சனிக்கிழமை இத பண்ணப் போறேன், கூட வர்றியான்னு ஒரு வரி சேத்து அனுப்புங்க.